ஆறாம் அறையில் உர வகுப்பு

திங்கட்கிழமை தோறும் எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் செய்தி மடல் வெளிவரும். எழுதுவது நான். வரவிருக்கும் நிகழ்ச்சிகள், குறுகியகாலப் படிப்புகள், வளாகச் செய்திகள் என்று மூன்று பகுதி. வாட்ஸ்அப்பில் எங்கள் ஊர் கொலோனியா செய்போ முழுக்கப் போகும். பேக்கரிக் கதவில் ஒரு பிரதி ஒட்டுவார்கள். மறுநாள் காலை ஊர் வானொலியில் ஒருவர் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார். கால்பந்தில் கோல் விழுந்ததை அறிவிக்கிற குரல் அவருக்கு. "நூலகம் வியாழக்கிழமை திறக்காது" என்பதையும் அதே குரலில்தான் வாசிப்பார்.

ஆனால் ஊர் உண்மையில் படிப்பது மடலின் அடியில் உள்ள சில வரிகளை மட்டும். அதற்கு "கடைசிப் பரீட்சை" என்று தலைப்பு. பட்டம் முடிக்க ஒரே ஒரு தேர்வு பாக்கி இருக்கிறவர் யார், எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த அறை. அவ்வளவு போதும். அந்த நேரத்துக்கு அந்த அறை வாசலில் முட்டை, மாவு, தக்காளிச் சாறு, மயோனைஸ் சகிதம் கூட்டம் நிற்கும். தேர்வாளர்கள் பாஸ் என்று சொல்லி ஆளை வெளியே அனுப்பியதும் எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டுவார்கள். பிறகு ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டே ஊரைச் சுற்றுவார்கள். சுத்தமான சட்டையோடு பட்டம் வாங்கியவர் எங்கள் ஊரில் கிடையாது.

அந்தப் பகுதியை மடலில் சேர்த்ததும் நான்தான். அதற்கு முன்பு ஆள் மாறிவிடும். ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்மேல் இரண்டு டஜன் முட்டை போய்விட்டது. அவர் பாவம், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதல் முட்டை வீட்டு ஆளுடையது. அம்மாவோ கணவனோ மனைவியோ அதை எறிய வேண்டும். அது விழும்வரை மற்றவர்கள் ஓங்கிய கையோடு காத்திருப்பார்கள்.

எனக்கு ஒரு வாய்மொழித் தேர்வு பாக்கி இருந்தது. காலநிலையியல்.

என் மனைவி அயெலென் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளும் இங்கேதான் படித்தாள். எனக்கு முன்னால் முடித்தாள். அவள் மேல் முதல் முட்டையை எறிந்தது நான். என் பெற்றோர் தெற்குக் கோடியில் இருக்கிறார்கள், பஸ்ஸில் இரண்டு நாள் தூரம். ஆகவே நான் வெளியே வரும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் கையை ஓங்கிக்கொண்டு நிற்கும். யார் முதலில் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். அந்தச் சில நொடிகள் நான் கதவருகே நின்று அதைப் பார்க்கவேண்டும்.

அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. விஷயம் இவ்வளவுதான். அதனால் தேர்வைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நவம்பர் கடைசியில், எங்கள் பக்கம் கோடை தொடங்குகிற நேரத்தில், மிர்த்தா என்னைக் கூப்பிட்டார். கல்லூரி அலுவலகம் அவர் கையில். இயக்குநர்கள் வருவார்கள், போவார்கள், மிர்த்தா இருப்பார். மாத்தே என்னும் இலைப் பானம் குடிக்கிற குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ரமிரோ, இந்த டிசம்பரோட உனக்குக் கெடு முடியுது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"இப்ப முடிக்கலன்னா முழுப் பாடத்தையும் மறுபடி படிக்கணும். முதல் வருஷப் பசங்களோட உக்காந்து காலி பாட்டில்ல மழைமானி செய்வ. மழை பெய்யலன்னா அழுவ."

"முடிச்சுடறேன். ஆனா மடல்ல போட மாட்டேன்."

அவர் உறிஞ்சுவதை நிறுத்தினார். "ஊர்ல எவன் கடைசிப் பரீட்சைக்குப் போனாலும் பேரோட, மணியோட போடற ஆளு. உன்னுத மட்டும் ரகசியமா?"

"ஆமா."

ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ரகசியம் என்றதும் மிர்த்தாவுக்கு வயது பாதியாகிவிடும். அறையில் நாங்கள் இருவர் மட்டும், இருந்தும் கிசுகிசுத்தார்.

"ஆறாம் அறை. வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. கடைசி அறை, கொல்லைப் பக்கம் ஒரு கதவு இருக்கு. முடிச்சதும் அப்படியே சந்துல இறங்கிப் போயிடு."

"நல்லது."

"ஆனா அறை காலின்னு தெரிஞ்சா பாட்டுக் குழு வந்துடும். காலி அறை எங்கன்னு மோப்பம் புடிக்கிற கூட்டம் அது. நீ மழைய விளக்கற நேரம் பின்னால கிறிஸ்துமஸ் பாட்டு ஓடும். அந்த அறைக்கு மடல்ல ஏதாவது ஒரு வகுப்பு போட்டு வை. யாரும் வராத வகுப்பா."

யோசித்தோம்.

"லத்தீன் அறிமுகம்?" என்றேன்.

"பாதிரியார் வருவார். அவருக்கும் மறந்துபோச்சு."

"வருமான வரி?"

"ஊரே வரும். எப்படிக் கட்டாம இருக்கறதுன்னு கேக்க."

"தேனீ வளர்ப்பு?"

"போன வருஷம் ஒருத்தி வந்தா. கழிப்பறை எங்கன்னு கேட்டுட்டுப் போனா. ஆனாலும் வந்தா இல்ல? வேணாம்."

கடைசியில் நான் சொன்னேன்: "வீட்டுக் குப்பையில் உரம் தயாரிப்பது."

மிர்த்தா குடுவையைக் கீழே வைத்தார். "இந்த வெயில்ல," என்றார் பக்தியோடு.

அன்று இரவே எழுதிவிட்டேன். யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: "பங்கேற்பவர்கள் ஒரு வாளி சமையலறைக் குப்பை கொண்டுவரவும். ஒரு வாரத்துக்கு மேல் ஆனதாக, நன்கு அழுகியதாக இருப்பது நல்லது." படித்துப் பார்த்தேன். எனக்கே போகத் தோன்றவில்லை. திருப்தியாக இருந்தது.

மடல் வெளியானது. "கடைசிப் பரீட்சை" பகுதியில் "இந்த வாரம் யாரும் இல்லை" என்று போட்டேன். மறுநாள் துலியோ என்னை நடையில் மறித்தான். அவன் உடற்பயிற்சி ஆசிரியர், என் பக்கத்து வீடு. ஊரைச் சுற்றும் பிக்கப் வண்டி பெரும்பாலும் அவனுடையதுதான். உடற்பயிற்சி ஆசிரியருக்கு உண்டான உடம்பு அல்ல அவனுக்கு.

"ஒல்லி, என்னடா இது, யாருமே இல்லயா? டிசம்பர் மாசத்துல ஒரு ஆளுகூடப் படிச்சு முடிக்கலன்னா இது என்ன கல்லூரியா, பஸ் ஸ்டாண்டா?"

"வெயில் ஜாஸ்தி, குண்டா."

"நான் வண்டிக்கு ஹாரன் மாத்தி வச்சிருக்கேன். ஆறு சத்தம் வரும். வீணாப் போகுது."

"மார்ச்ல பாத்துக்கலாம்."

அன்று மாலை நில்டா வந்தார். அயெலெனின் அம்மா. தபால் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அச்சில் வருகிற எதையும் கடைசி வரி வரை படிப்பார், மருந்துச் சீட்டின் பின்பக்கம் உட்பட. செவ்வாய் தோறும் எனக்கு ரொட்டித்தூள் தடவிய இறைச்சியில் மிலனேசா பொரித்துக் கொண்டுவருவார். நான் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்பேன். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் கேட்டதில்லை.

மகள் போன பிறகு அவர் கல்லூரி வாசலைத் தாண்டியதில்லை. பேக்கரிக்குப் போகும்போது அந்த இடத்தில் மட்டும் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

தட்டை என் முன்னால் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"யாரு சொல்லித் தர்றது?"

"எதை, அத்தை?"

"உரத்தை. பேரு போடலியே நீ. ஆளு பேரு இல்லாம நீ வகுப்பு போட்டு நான் பாத்ததில்ல."

"வெளியூர் இஞ்சினியர் ஒருத்தர்."

"பேரு?"

"வால்டர்."

"வால்டர்னா? குடும்பப் பேரு இல்லாம மொட்டையாவா?"

எதிரே சுவரில் மருந்துக் கடைக் காலண்டர் தொங்கியது. "பெரூச்சி," என்றேன். "வால்டர் பெரூச்சி."

"நம்ம மருந்துக் கடை பெரூச்சிக்குச் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்."

"ம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெருவெல்லாம் நாறுது. கவனிச்சியா மாப்ளே?"

"இல்லயே."

"நீ எதைத்தான் கவனிச்ச?" திட்டுகிற குரல் இல்லை. வாணலியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிற குரல். "உன் பரீட்சை எப்ப?"

"மார்ச்."

"வர்றப்ப எனக்குச் சொல்லிடு."

"சொல்றேன்."

சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஆறாம் அறையில் மூன்று தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எங்கேல்மான். நாற்பது வருடமாகக் காற்றைப் பற்றியே பேசி வருகிறவர். காது மந்தம், அதனால் எல்லோருக்கும் காது மந்தம் என்று நினைத்துப் பேசுவார். மற்ற இருவர் விதிப்படி எண்ணிக்கைக்காக வந்தவர்கள். ஒருவர் பேப்பரால் விசிறிக்கொண்டார். மற்றவர் மாத்தே ஊற்றித் தருகிற வேலையை எடுத்துக்கொண்டார்.

மிர்த்தா கதவில் "உர வகுப்பு" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

எங்கேல்மான் ஆற்று வெள்ளத்திலிருந்து தொடங்கினார். சொன்னேன். பனி விழும் மாதங்களைக் கேட்டார். சொன்னேன். படித்த பாடம் எங்கும் போய்விடவில்லை; வாயைத் திறந்தால் வந்தது. நடுவே வெளியே ஏதோ சத்தம் கேட்க ஆரம்பித்தது. நடைபாதையில் காலடிகள். இரும்புக் கைப்பிடி தரையில் மோதும் ஒலி. ஒருவர் இன்னொருவரிடம் "மூடிய எடுக்காதேங்கறேன்" என்றார். பாட்டுக் குழுவாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு வாசனை வந்தது.

கதவுக்கு அடியில் நுழைந்து, மேசையைச் சுற்றி, மெதுவாக மேலே ஏறியது. விசிறிக்கொண்டிருந்தவர் வேகத்தைக் கூட்டினார். மாத்தே ஊற்றியவர் குடுவைக்குள் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தார்.

எங்கேல்மான் மூக்கை உயர்த்தினார். "இது எங்கேர்ந்து வருது?"

"சார், இது பரீட்சைக் கேள்வியா?"

"இப்பதான் ஆக்கினேன்."

நான் முகர்ந்து பார்த்தேன். முகர வேண்டியே இருக்கவில்லை. நெடுநாளைக்குப் பிறகு ஒரு வாசனை அனுமதி கேட்காமல் எனக்குள் வந்தது. மீன். பூசணி. இன்னும் ஏதோ, பெயர் சொல்ல முடியாதது.

"வடக்குக் காத்து, சார். நடைபாதை வடக்கே இருக்கு. மூணு நாளா இதே காத்துதான், சூடும் ஈரமுமா. கெட்டுப் போறதையெல்லாம் சீக்கிரம் கெடுத்து, எடுத்துட்டு வந்து வீட்டுக்குள்ள விடும்."

"எப்ப நிக்கும்?"

"நிக்காது. ஏறிக்கிட்டே போகும். அப்புறம் தென்மேற்கேர்ந்து பம்பேரோ காத்து வந்து ஒரேயடியா வெட்டும். மழை, அப்புறம் குளிர்ச்சி."

"நல்லது," என்று கத்தினார் எங்கேல்மான். முகம் மலர்ந்திருந்தது. காற்றை இப்படி யாரும் அவருக்கு நேரில் நிரூபித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

அப்போது கதவு லேசாகத் திறந்து மிர்த்தாவின் தலை மட்டும் உள்ளே வந்தது. கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார்.

"மன்னிக்கணும் சார். ரமிரோ, இஞ்சினியர் வால்டர் பெரூச்சி எங்கன்னு கேக்கறாங்க."

"யாரு கேக்கறது?"

"ஊரு." கதவை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "யாருடா அந்த வால்டர்? என்கிட்ட சொல்லவே இல்லயே! நடைபாதை பூரா வாளி. கொல்லையிலயும் நிக்கறாங்க. குப்பை வண்டி ரிப்பேராகிப் பத்து நாளாச்சு. எங்க கொண்டுபோய்க் கொட்டறதுன்னு எல்லாரும் தவிக்கற நேரத்துல, அழுகினதா எடுத்துட்டு வாங்கன்னு நீ வெத்தல பாக்கு வச்சு அழைச்சிருக்க!"

வண்டி வராதது எனக்குத் தெரியாது. தனியாக இருக்கிறவனின் குப்பை ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். யார் எடுத்துப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை.

"கொல்லைக் கதவு?" என்றேன்.

"அங்கதான் பெரிய பீப்பாய்க்காரங்க."

தலை வெளியே போனது. எங்கேல்மான் ஒன்றும் கேட்கவில்லை என்பதுபோலக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். பதில் சொன்னேன். பிறகு வழக்கம்போல, "வெளியில இரு, நாங்க பேசி முடிவு பண்ணணும்," என்றார்.

"சார், வெளியில வேணாம். இங்கயே மூலையில திரும்பி நிக்கறேனே. காதைப் பொத்திக்கறேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாசனை அவர்களுக்கும் புரிந்தது. ஆகவே நான் மூலையில், தென் அமெரிக்க வரைபடத்தின் முன்னால், காதுகளைப் பொத்தியபடி நின்றேன். எங்கேல்மான் ரகசியம் பேசுவது காதைப் பொத்தினாலும் கேட்கும்.

"பத்துக்கு எட்டு குடுக்கலாம். மூக்குக்காக."

முடிந்தது. நான் ஆசிரியர். ஒன்றும் தோன்றவில்லை. எப்படித் தப்பிப்பது என்று மட்டும் யோசித்தேன். இதில் அவ்வளவு சிரமம் இல்லை என்று பட்டது. பரீட்சை நடந்தது இவர்களுக்குத் தெரியாது. கதவைத் திறக்கிறேன், இஞ்சினியர் வரவில்லை என்கிறேன், நடந்து போய்விடுகிறேன்.

கதவைத் திறந்தேன். நடைபாதையின் கடைசி வரை வாளிகள். பால் டப்பா, பெயின்ட் டப்பா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டிகூட இருந்தது. எல்லோரும் மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"இஞ்சினியருக்கு உடம்பு சரியில்ல," என்றேன். "வகுப்பு ரத்து. எல்லாரும் மன்னிக்கணும்."

"அது எப்படி?" என்றார் முன்வரிசையில் ஒருவர். மருந்துக் கடை பெரூச்சி. அவர் கையிலும் ஒரு வாளி. "எனக்கு வால்டர்னு ஒரு சொந்தமே கிடையாதே. நில்டா சொன்னதுலேர்ந்து ரெண்டு நாளா எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஃபோன் போட்டுட்டேன். ரொசாரியோல இருக்கற அத்தைக்குக்கூட."

"தூரத்துச் சொந்தம்."

"எவ்வளவு தூரம்?"

"டேய், சொந்தம் கிடக்கட்டும்," என்றான் பின்னாலிருந்து துலியோ. "நான் தெருவோட குப்பை மொத்தத்தையும் வண்டியில ஏத்திட்டு வந்து நிக்கறேன். இதைத் திருப்பி எடுத்துட்டுப் போன்னா எங்க போறது?"

அந்த நேரம் எனக்குப் பின்னாலிருந்து எங்கேல்மான் வெளியே வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

"வாழ்த்துக்கள், ஆசிரியரே! கடைசிப் பரீட்சையில எட்டு வாங்கறது லேசு இல்ல!"

திருப்பியிருந்த மூக்குகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

துலியோ மெதுவாகச் சொன்னான்: "ஒல்லி. கடைசிப் பரீட்சையா?"

மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கைகள் உயர்ந்தன. பிறகு, உயர்ந்த இடத்திலேயே நின்றன.

நான் வேண்டாம் என்று நினைத்த அந்தப் பார்வை வந்தது. பெரூச்சி மிர்த்தாவைப் பார்த்தார். மிர்த்தா துலியோவைப் பார்த்தார். துலியோ தன் செருப்பைப் பார்த்தான். கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கணக்கு, யாருக்கும் விடை தெரியவில்லை. எங்கோ ஒரு வாளியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. நான் கதவருகே நின்றேன். நினைத்ததைவிட அது நீளமாக இருந்தது.

"வழி விடுங்க."

நடைபாதையின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மூடி போட்ட நீல வாளியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு நில்டா வந்தார். வெளியே போகும்போது உடுத்துகிற நல்ல உடை போட்டிருந்தார். என் எதிரே வந்து வாளியைக் கீழே வைத்தார்.

"வால்டர் பெரூச்சி," என்றார்.

"ஆமா, அத்தை."

"மார்ச்."

"ஆமா."

"முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தேன். பாதி அட்ரஸ் மழையில அழிஞ்ச கடுதாசியக்கூட வீடு தேடிப்போய்க் குடுத்திருக்கேன். எனக்கு வரவேண்டிய ஒரு சேதி, அதை எழுதற ஆளே அமுக்கிட்டான்."

"உங்களை இங்க வர வச்சுக் கஷ்டப்படுத்த வேணாம்னு..."

"நான் உன்கிட்ட சொன்னேனா, எனக்குக் கஷ்டம்னு?"

"நீங்க எதிர்ச் சாரியில போறீங்களே."

"அந்தப் பக்கம் நிழலு." அவர் கண் சிமிட்டவில்லை. அது பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. "குப்பைக்காக இந்த வாசலைத் தாண்டி வந்திருக்கேன்டா. உனக்காக வரமாட்டேனா?"

நான் நீல வாளியைப் பார்த்தேன்.

அவர் குனிந்து வாளி மூடியைத் திறந்தார். முன்வரிசை ஒரு அடி பின்னால் போனது.

"கண்ண மூடு."

"அத்தை, அதுல என்ன இருக்கு?"

"பத்து நாள் மாத்தே இலை. பூசணித் தோல். ஞாயித்துக்கிழமை மீன்."

"மீனுமா?"

"நல்லா அழுகினதா இருக்கட்டும்னு எழுதினது எவன்?"

நான் என்னைவிட உயரம் குறைந்த ஒருவருக்காகத் தலை குனிந்தேன். அவர் வாளியை உயர்த்தினார். கனமாக இருந்திருக்க வேண்டும். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. முதலில் ஈர இலை விழுந்தது, கழுத்தில், சட்டைக்குள், முதுகு வழியாக. வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு மற்றவை. மீன் கடைசியில் வந்தது. அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை வாளியைத் தட்டித் தட்டி விழவைத்தார். பொறுப்பாகச் செய்தார்.

"இப்ப நீங்க," என்றார் ஊரைப் பார்த்து.

ஊர் பத்து நாள் காத்திருந்தது. அதை விவரிக்க வேண்டாம். பெரூச்சி தன் வாளியைக் கொட்டும்போது, "இது வால்டருக்கு," என்றார். எங்கேல்மான்மேலும் கொஞ்சம் தெறித்தது. காற்று எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொல்லையிலிருந்து பீப்பாய்க்காரர்கள் கட்டடத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள், தாமதமாகிவிடுமோ என்ற பயத்தில். மிர்த்தா வாளி கொண்டுவரவில்லை. அலுவலகத்துக்கு ஓடிப்போய், தன் மாத்தே குடுவையில் இருந்ததை என் தலையில் கவிழ்த்துவிட்டு, "எனக்கு முன்னாலயே தெரியும்," என்று எல்லோரிடமும் சொன்னார்.

கண்ணைத் திறந்தபோது என் வாய்க்குள் ஏதோ இருந்தது. ஆரஞ்சுத் தோல். கசந்தது. துப்பினேன். கசப்பு அப்படியே நாக்கில் நின்றது.

என்னைத் தூக்கித் துலியோவின் வண்டியில் போட்டார்கள். தெருவின் குப்பை மூட்டைகள் ஏற்கனவே அங்கே இருந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்தேன். இவ்வளவு மெத்தென்ற வண்டியில் ஊரில் எந்த ஆசிரியரும் போயிருக்க மாட்டார்.

ஓட்டுநர் பக்கத்து இருக்கை வீட்டு ஆளுக்கு. யாரும் கூப்பிடும் முன்பே நில்டா அதில் ஏறி உட்கார்ந்து, காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் போகணும், அம்மா?" என்றான் துலியோ. கேட்க வேண்டியதே இல்லை. சதுக்கம், பேக்கரி, ஆற்றங்கரை. என்றும் அதே வழிதான்.

"சதுக்கம்," என்றார் நில்டா. "அப்புறம் கல்லறைச் சாலை."

துலியோ கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

சதுக்கத்தில் ஆறு சத்தமும் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். வண்டி நெருங்கியதும் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்கள். பேக்கரி வாசலில் நாய்கள் சேர்ந்து, ஊர் எல்லை வரை எங்களை விடாமல் துரத்தின. பிறகு வீடுகள் முடிந்து சாலை மட்டும் இருந்தது. இரு பக்கமும் சோயா வயல். அந்தச் சாலையில் நான் நிறையத் தடவை போயிருக்கிறேன். மெதுவாகத்தான் போவோம்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் துலியோ வண்டியை நிறுத்தினான். ஹாரனில் கை வைத்துவிட்டுத் தயங்கினான்.

"அடி," என்றார் நில்டா.

"இங்கயா, அம்மா?"

"ஆறு சத்தமும்."

அடித்தான். மரத்திலிருந்த பறவைகள் அத்தனையும் எழுந்து பறந்தன. காவல்காரர் அறையிலிருந்து கோபமாக வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி அதைக்கொண்டு மூக்கை மூடிக்கொண்டார்.

நில்டா வண்டிக் கண்ணாடியை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டினார். வரிசையாக நிற்கிற வெள்ளைச் சிலுவைகளைப் பார்த்து, வாயின் இரு பக்கமும் கையைக் குவித்துக் கத்தினார்.

"பாஸ் பண்ணிட்டான்டீ! நான்தான் முதல்ல கொட்டினேன்! மீனோட!"

துலியோ மறுபடி ஹாரன் அடித்தான். இந்தமுறை யாரும் சொல்லாமலே.

"எட்டு வாங்கியிருக்கான்!" என்றார் நில்டா. "உன்னைவிட ஒண்ணு கம்மி!"

நான் மூட்டைகளுக்கு மேல் எழுந்து நின்றேன். கால் ஒரு மூட்டைக்குள் இறங்கிவிட்டது. "அத்தை, இந்தப் பாடத்துல அவளுக்கு ஏழுதான்."

"என்ன?"

"காலநிலையியல்ல அவ ஏழு! நான் எட்டு!"

கத்த வேண்டியிருந்தது. ஹாரன் இன்னும் ஓயவில்லை.

"பாத்தியா," என்றார் நில்டா துலியோவிடம். "கட்டினவ பதில் சொல்ல முடியாதுன்னு தைரியம் இவனுக்கு. அவ இருந்தா விட்டிருப்பாளா?"

"விட்டிருக்க மாட்டா," என்றேன்.

"அப்ப ஏழுன்னு சொல்லாதே."

"ஏழுதான்!" என்று நான் கல்லறைகளின் பக்கம் திரும்பிக் கத்தினேன். கண்ணில் ஏதோ வழிந்தது, பூசணியாகவும் இருக்கலாம். "ஏழுதான் அயெலென்! நீயே பாத்துக்கோ!"